ஐந்து பேருக்கு ஒரு இங்கிலீஷ் சொல்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாள் மத்தியானம் தம்பி ஐந்து எழுத்துகளை அனுப்பினான். எஸ், பி, எம், ஆர், ஏ. அதற்குக் கீழே, “அக்கா, இந்த அஞ்சும் வர்ற மாதிரி நல்ல இங்கிலீஷ் வார்த்தை ஒண்ணு வேணும். புது வீட்டுக்குப் பேரு. நீ கண்டுபிடி” என்று எழுதியிருந்தான்.

எஸ் அப்பா. பி அம்மா. எம் தம்பி. ஆர் அவன் மனைவி. ஏ அவர்களுடைய குழந்தை, அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். என் பெயர் ‘வி’யில் தொடங்கும். பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது, அதில் நான் இல்லை. மறந்திருப்பான், ஞாபகம் வந்து இன்னொரு செய்தி அனுப்புவான் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு செய்தி வந்தது. “சீக்கிரம்” என்று வந்தது.

நான் கல்யாணமாகி நாகர்கோவிலுக்குப் போய், அங்கே சரிப்படாமல், எல்லாவற்றையும் சட்டப்படி முடித்துக்கொண்டு திருவனந்தபுரத்துக்கே திரும்பி வந்தவள். கிழக்கேகோட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வாடகை வீடு. அப்பா, அம்மா, தம்பி, அவன் மனைவி, குழந்தை, நான் எல்லாருமே அதற்குள் அடைந்து கிடந்தோம். காலையில் ஒரே குளியலறைக்கு வரிசையில் நிற்கும்போது அந்த வரிசையில் எனக்கும் இடம் இருந்தது. சில நாள் முதல் இடமே எனக்குத்தான், கடை வேலைக்குப் போகிறவள் என்று.

புது வீடு ஊருக்கு வெளியே, வித்துரா போகும் ரோட்டில், நெடுமங்காட்டுக்குக் கொஞ்சம் அப்பால் எழும்பிக்கொண்டிருந்தது. அப்பா சாலை பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் துணி விரித்துக் காட்டியே காலத்தை ஓட்டியவர். சொந்த வீடு என்பது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. ஆனால் வீட்டைவிட வீட்டுக்குப் பெயர் வைப்பதில்தான் அவருக்கு அதிக ஆவேசம் இருந்தது. எங்கள் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அங்கே கதவு எண் போதும்; மிஞ்சிப்போனால் இன்னார் வீடு என்பார்கள். இங்கே ரேஷன் கார்டு முதல் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் முதலில் கேட்பது வீட்டுப் பெயரைத்தான். வாடகைக்கு இருந்த காலமெல்லாம் வீட்டுக்காரருடைய வீட்டுப் பெயரையே அப்பா எல்லா இடத்திலும் சொல்லிவந்தார். இரவல் சட்டை போட்டுக்கொண்டு போட்டோ எடுத்த மாதிரி அவருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

அதிலும் அந்தப் பெயர் இங்கிலீஷில்தான் இருக்க வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன்.

“தமிழ்ல வச்சா பாண்டிக்காரன் வீடுன்னு சொல்லுவான். மலையாளத்துல வச்சா, பாண்டிக்காரனுக்கு ஆசையப் பாருன்னு சொல்லுவான். இங்கிலீஷுன்னா ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல முடியாது பாத்துக்கோ” என்றார்.

தமிழர்களை இங்கே அப்படித்தான் இளக்காரமாகச் சொல்வார்கள்; அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஜவுளிக்கடையில் அவர் மலையாளம் பேசும் விதத்தைக் கேலி செய்யாத வாடிக்கையாளர் குறைவு. வீட்டில் இருப்பவர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்துப் பெயர் வைப்பதும் இந்த ஊரில் சாதாரணம்தான். எங்கள் புது வீட்டுத் தெருவிலேயே அப்படி இரண்டு மூன்று வீடுகள் இருந்தன, வாயில் நுழையாத பெயர்களோடு. அதைப் பார்த்துத்தான் தம்பி, “சும்மா எழுத்தை ஒட்டவச்சா அசிங்கமா இருக்கும். டிக்‌ஷனரியில இருக்குற வார்த்தையா இருக்கணும், அதுக்குள்ள நம்ம எழுத்து எல்லாம் ஒளிஞ்சிருக்கணும்” என்று ஒரு சட்டம் போட்டான். சட்டம் போடுவது அவன், வேலை செய்வது நான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

இந்த வேலை என் தலையில் விழுந்ததற்குக் காரணம், நான் கிழக்கேகோட்டையில் ஒரு டிடிபி கடையில் இருப்பது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விண்ணப்பம், பயோடேட்டா, கல்யாணப் பத்திரிகை என்று அடித்துத் தருகிறவள். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவளுக்கு உலகத்திலுள்ள இங்கிலீஷ் எல்லாம் தெரியும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. போதாக்குறைக்கு, பஸ்ஸில் போகும்போது போனில் வார்த்தை விளையாட்டு விளையாடும் பழக்கம் எனக்கு உண்டு. அதை ஒரு தரம் பெருமையாகச் சொல்லித் தொலைத்துவிட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

எழுத்துகளைக் கொடுத்தால் அவை வருகிற வார்த்தைகளைத் தேடித் தரும் வெப்சைட் நிறைய இருக்கிறது. பிரிண்டர் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதில் ஒன்றைத் திறந்து ஐந்து எழுத்துகளையும் போட்டேன். திரை முழுவதும் உடம்பு இளைக்க மருந்து, கடன் வேண்டுமா என்று விளம்பரம். அவற்றை ஒவ்வொன்றாக மூடிவிட்டுக் கீழே வந்தால் முதலில் கிடைத்த வார்த்தை ஆர்ம்பிட்ஸ். அக்குள். அடுத்தது கிராம்ப்ஸ். வயிற்றுப் பிடிப்பு. அதற்கடுத்தது டிராம்ப்ஸ், வீடு வாசல் இல்லாமல் அலைகிறவர்கள். வீட்டுக்கு வைக்க எவ்வளவு பொருத்தமான பெயர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. வேறொரு வெப்சைட்டில் போட்டேன். அங்கேயும் அதே அக்குள்தான் முதலில் வந்தது.

கடை உரிமையாளர் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார். வயதானவர், நல்லவர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். “எந்தா மோளே, பரீக்ஷக்குப் படிக்குகயாணோ?” என்றார். பரீட்சைக்குப் படிக்கவில்லை, வீட்டுப் பெயர் தேடுகிறேன் என்று சொன்னேன். அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஒரு நல்ல வார்த்தையும் வரவில்லை; எனக்கு இருந்த நேரமும் போயிற்று. பத்திரம் பிரிண்ட் எடுக்க வந்தவர் ஒருவர் காத்திருந்து சலித்துப் போய், நாங்கள் பேசுவதைக் கேட்டு, அவரும் ஒரு யோசனை சொன்னார். அதில் எம் இல்லை.

நாலைந்து நாளில் எனக்கு ஒரு வியாதி மாதிரியே ஆகிவிட்டது. பஸ்ஸில் கடைப் பலகைகளைப் படித்தால் எஸ் இருக்கிறதா, பி இருக்கிறதா என்று மனம் பொறுக்க ஆரம்பித்துவிடும். மருந்துக் கடையின் பலகையில் நான்கு எழுத்து கிடைக்கும், ஐந்தாவது கிடைக்காது. மற்றவர்களுடைய எழுத்துகளைத் தேடித்தேடி என் கண் பூத்துப்போனது. அவ்வளவு தேடலிலும் எனக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது ஒரே கேள்விதான். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், “ஆமா, ஒன் எழுத்து எங்க?” என்று கேட்க மாட்டார்களா?

கண்டெடுத்த வார்த்தைகளைச் சாயங்காலம் வீட்டில் சொல்வேன். சாப்பிடும்போது பஞ்சாயத்து நடக்கும்.

பிரைமேட்ஸ் என்றேன். குரங்கு வகைதானே அது என்று தம்பி சொல்லிவிட்டு, “நம்ம பேமிலி போட்டோவுக்குக் கீழ போட்டா சரியா இருக்கும்” என்றான். அப்பார்ட்மென்ட்ஸ் என்றேன். மாடிகூட இல்லாத வீட்டுக்கு அந்தப் பெயர் வைத்தால் தபால்காரன் லிப்ட் எங்கே என்று கேட்பான் என்று அதையும் தள்ளினான். ஸ்பியர்மின்ட் என்றதும் தம்பி மனைவிக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது. “சேச்சி, இது கொள்ளாம்” என்றாள். அவள் இந்த ஊர்க்காரி. எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு பேசக் கற்றுக்கொண்ட தமிழ், பாதிக்கு மேல் மலையாளமாகவே இருக்கும். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “அது பல்லு தேய்க்குறதுல்லா?” என்று கேட்டாள். அதோடு அதுவும் போயிற்று.

சுப்ரமஸி என்ற வார்த்தை தம்பிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான் அவன், இந்த மாதிரி கனமான வார்த்தைகள் மேல் அவனுக்கு மோகம் உண்டு. அப்பா அர்த்தம் கேட்டார். எல்லாருக்கும் மேலே இருப்பது என்றேன்.

“எதுத்த வீட்டுக்காரன் கல்லெடுத்து எறிவான்” என்றார் அப்பா.

பிரிஸ்மாட்டிக் என்றேன். “அய்யோ, கண்ணாடிக் கடெ போலெ உண்டு” என்றாள் தம்பி மனைவி. இப்படியே நான் கொண்டுவந்ததெல்லாம் கழுதை தேய்ந்து கட்டெறும்பானது. ஒரு நாள் பொறுக்க முடியாமல், இந்த எழுத்துகளே சரியில்லை, இதை வைத்துக்கொண்டு இதற்கு மேல் முடியாது என்று சொன்னேன். “ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம்” என்றான் தம்பி, சோற்றைப் பிசைந்துகொண்டே. எனக்கு அப்போது வந்த கோபத்தில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். கோபம் பழமொழிக்கு இல்லை. அந்தக் கூடத்தில் ஐந்து பேருடைய எழுத்தைப் பற்றி ஒவ்வொரு நாளும் பேசுகிறார்கள், பேச்சை நடத்துகிறவளே நான்தான், என்னுடையது இல்லை என்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை. இல்லை, பட்டும் படாததுபோல இருக்கிறார்களா? எது என்று தெரியாமல் இருப்பதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஆறு எழுத்துகளைப் போட்டுத் தேடினேன். அவர்களுடைய ஐந்தோடு என் ‘வி’யும். முதலில் வந்தது வேம்பயர்ஸ். இரத்தம் குடிக்கும் பேய்கள். நீளமான வார்த்தைகளின் வரிசையில் இன்னொன்று இருந்தது, இம்ப்ரவைசேஷன். கைக்குக் கிடைத்ததை வைத்து அப்போதைக்குச் சமாளிப்பது. என்னைச் சேர்த்தால் இந்தக் குடும்பத்துக்குக் கிடைப்பது இந்த இரண்டுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஆனாலும் ஒரு வீம்பு. இரண்டையும் குழுவில் அனுப்பினேன். வேறு ஒன்றும் எழுதவில்லை. இப்போதாவது கவனிப்பார்கள், எங்கிருந்து வந்தது இந்த ‘வி’ என்று கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். தம்பி கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை முகத்தை வரிசையாக அனுப்பினான். அவன் மனைவி பேய்ப் படம் ஒன்று அனுப்பினாள். அப்பா, “வேம்பயர் என்றால் என்ன” என்று குரல் செய்தி அனுப்பினார். யாரோ அவருக்குப் பதில் சொன்னார்கள். அவ்வளவுதான். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு சேவைச் சான்றிதழை மூன்று தப்போடு அடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் புது வீட்டுச் சுவருக்குத் தண்ணீர் விடப் போவது என் வேலையாகவும் அம்மாவின் வேலையாகவும் இருந்தது. பூசிய சிமெண்ட் காயாமல் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும்; மற்ற நாளில் கொத்தனார் பார்த்துக்கொள்வார். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் ஜன்னலோரம் கிடைத்துவிடும். ஞாயிறு என்றால் பொன்முடி மலைக்குப் போகும் பையன்கள் பைக்கில் கூட்டம் கூட்டமாகக் கத்திக்கொண்டு பஸ்ஸை முந்திப் போவார்கள். அந்த ஞாயிறும் நானும் அம்மாவும்தான் போனோம். நான் குழாயைப் பிடித்துச் சுவரை நனைத்துக்கொண்டிருந்தேன். அம்மா வாசலில் சிதறிக் கிடந்த செங்கல் துண்டுகளைப் பொறுக்கி ஒரு ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். பெயர்க் கல் பதிக்க வாசல் சுவரில் ஒரு சதுரம் பூசாமல் விட்டிருந்தார்கள். அதன் மேல் தண்ணீர் பட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை.

“அம்மா, என் எழுத்து எங்க?” என்று கேட்டேன்.

அம்மா நிமிரவில்லை. என்ன எழுத்து என்றும் கேட்கவில்லை. அதிலேயே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

“ஒன் எழுத்து வேண்டாம்னு தம்பிட்ட நான்தான் சொன்னேன்” என்றாள்.

தம்பி மறந்திருப்பான், அப்பா நினைத்திருக்க மாட்டார் என்றெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாவை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. குழாயை எங்கே பிடிக்கிறேன் என்று தெரியாமல் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

“கல்லுல வெட்டுனா பொறவு அழிக்க முடியுமா? நீ நாளைக்கு ஒரு எடத்துக்குப் போவண்டாமா? எங்க பெரியம்மை மவ பேரத்தான் எங்க பெரியப்பா அவுக வீட்டு முகப்புல எழுதி வச்சாரு. கடைசி வரைக்கும் அவ அந்த வீட்ட விட்டுப் போவலியே. எழுத்த எழுதி வச்சுட்டா ஆளு அங்கயே நின்னுபோவும்.”

“நான் எங்கம்மா போவணும்?”

“ஒரு நல்ல எடம் வராமலா போவும்.”

“எனக்கு ஒரு எடமும் வேண்டாம். இங்கதான் இருக்கப்போறேன். இந்தச் சுவருக்கு வாராவாரம் தண்ணி ஊத்துறது யாரு?”

அப்போதுதான் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கையில் செங்கல் துண்டு அப்படியே இருந்தது. “எங்க பெரியம்மை மவ என்ன ஆனான்னு ஒனக்குத் தெரியும்லா? தம்பிக்காரன் பிள்ளைய வளத்துட்டு, அந்தப் பிள்ளையே எடுத்தெறிஞ்சு பேசுறதக் கேட்டுக்கிட்டு, பொறவாசல் ரூம்ல கெடந்தா. முகப்புல அவ பேருதான். கல்லுல பேரு இருக்குன்னு சொல்லி ஒருத்தியும் ஒரு வீட்ல மரியாதையா இருந்ததில்லட்டி.”

“தம்பி அப்படிச் செய்வானா?”

“நல்லவன்தான். நான் இல்லன்னு சொல்லல. நான் கண்ண மூடுன பொறவும் நல்லவனா இருப்பானான்னு எனக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியாது. அம்மா மேல் எனக்கு அப்போது இரக்கமும் வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. என் மேல் இருக்கிற அக்கறையில் என்னையே வீட்டுக்கு வெளியே நிறுத்துகிறாள். அவள் பயந்து பயந்து என்னை அனுப்பப் பார்க்கிற இடம் எங்கே இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது. ஒரு தரம் அனுப்பிய இடம் எப்படி இருந்தது என்று இரண்டு பேருக்குமே நன்றாகத் தெரியும். குழாயைத் திருகி மூடினேன். திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னலோர சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தாள். நான் வேண்டாம் என்றேன். நெடுமங்காடு வரை அந்த சீட் காலியாகவே வந்தது, பிறகு யாரோ ஒரு அம்மாள் உட்கார்ந்தாள்.

பால் காய்ச்ச நாள் குறித்துவிட்டார்கள். கிரானைட்டில் எழுத்து வெட்டுகிறவர், இந்த வாரமே பெயர் தராவிட்டால் தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டார். எல்லாருடைய கண்ணும் மறுபடியும் என் மேல். நான் இதற்கு மேல் தேடப் போவதில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல ஆசையாகவும் இருந்தது. ஆனால் நான் சொல்லாவிட்டால் தம்பி சுப்ரமஸியை வெட்டி வைத்துவிடுவான், அதையும் ஒவ்வொரு நாளும் வாசலில் நான்தான் பார்க்க வேண்டும். கடைசியாக அட்மாஸ்பியர் என்ற வார்த்தையைக் கொடுத்தேன். ஐந்து எழுத்தும் அதில் இருந்தது.

தம்பி மனைவிக்கு உடனே பிடித்தது. பொன்முடிக் காற்று அந்த வீடு வரைக்கும் வருகிறது, அதற்குப் பொருத்தம் என்றாள். தம்பி யோசித்துவிட்டு, “கிளாஸா இருக்கு” என்றான். அப்பா இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார், சொல்லச் சொல்ல முகம் மலர்ந்தது. அம்மாவுக்கு மட்டும் வாயில் வரவில்லை. “நான் ஆட்டோக்காரன்ட்ட என்னத்தச் சொல்லி வீட்டுக்கு வருவேன்?” என்றாள். பழகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் ஒரு தாளில் பெரிய எழுத்தில் அடித்து, பிரிண்ட் எடுத்து, கல் வெட்டுகிறவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, சரியா என்று கேட்டார். சரி என்றேன்.

பால் காய்ச்சும் நாளன்று காலையிலிருந்தே வீடு நிறைய ஆள். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் முதல் நாளே வந்து சடங்கு முடிந்ததும் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். பிறகு புதுத் தெருவிலிருந்து அக்கம்பக்கத்தார் வந்தார்கள். நான் விடியற்காலையிலிருந்து உட்காரவில்லை. டீ போட்டு, தட்டில் அடுக்கி, கொண்டுபோய்க் கொடுத்து, காலி கிளாஸைத் திரும்ப எடுத்துவந்து கழுவுவது என் பங்கு. தம்பி மனைவி குழந்தையை இடுப்பிலிருந்து இறக்க முடியாமல் இருந்தாள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தம்பி புது சட்டையில் எல்லாருக்கும் வீட்டைச் சுற்றிக் காட்டினான்.

பக்கத்து வீட்டில் ரிட்டயர் ஆன டீச்சர் ஒருத்தர் இருக்கிறார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசல் கல்லைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். புது சோபாவில் உட்கார்ந்து, பெயர் நன்றாக இருக்கிறதே, எப்படி வைத்தீர்கள் என்று அப்பாவிடம் மலையாளத்தில் கேட்டார். அப்பாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். தனக்குத் தெரிந்த மலையாளத்தில் ஆரம்பித்தார். இது சும்மா வைத்த பெயர் இல்லை, இந்த வீட்டில் இருக்கிற எல்லாருடைய எழுத்தும் இதற்குள்ளே இருக்கிறது, ஒருத்தரையும் விடவில்லை என்றார்.

நான் அப்போது டீச்சருக்கு டீ நீட்டிக்கொண்டிருந்தேன்.

“அதெயோ” என்று டீச்சர் ஆச்சரியப்பட்டு, டீயை எடுத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் நல்ல சிரிப்பு. “அப்போ மோள்டெ அக்ஷரம் ஏதா?” என் எழுத்து எது என்று கேட்கிறார். இத்தனை நாள் யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் ஏங்கிய கேள்வி அது. கேட்டது யாரோ ஒரு டீச்சர், அதுவும் முதல் நாள் பார்க்கிறவர்.

“எனிக்கு இல்ல டீச்சரே” என்றேன்.

அப்பா என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தைப் பார்த்தேன். அதுவரை அவர் உண்மையாகவே எண்ணிப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அம்மா அடுக்களை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டுவிடு என்று அவள் கண் சொன்னது. டீச்சருக்குத் தான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று சங்கடம். அதைச் சரிக்கட்ட நினைத்து இன்னும் கெடுத்தார்.

“அப்போ மோள் இவிடெ அல்லே தாமசம்?”

நீ இங்கே குடியிருக்கவில்லையா என்கிற அந்தக் கேள்வி என்னிடம்தான் கேட்கப்பட்டது. ஆனால் நான் தம்பியைப் பார்த்தேன். அவன் சுவரோரமாக நின்று ஸ்விட்ச் பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தான். அம்மாவும் அவனைத்தான் பார்த்தாள். அக்கா எங்களோடதான் என்று அவன் சொன்னால் போதும். தமிழில் சொன்னாலும் டீச்சருக்குப் புரிந்திருக்கும்.

“தல்க்காலம் இவிடெ உண்டு” என்றான் தம்பி.

இப்போதைக்கு இங்கே இருக்கிறாள். அவன் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. வாடகைக்கு வந்தவரைப் பற்றிச் சொல்கிற மாதிரி, ரொம்ப இயல்பாக, சிரித்துக்கொண்டே சொன்னான். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பயந்தது இதற்குத்தான். நின்றுபோவேனோ என்பது இல்லை, இப்படி நிற்பேனே என்பது.

நான் டீத் தட்டோடு அவனிடம் போனேன். “பிடி” என்றேன். ஏன் என்று புரியாமல் வாங்கிக்கொண்டான். இரண்டு கையிலும் தட்டு, அதன் மேல் நிறைந்த கிளாஸ்கள், அசைய முடியாது. திரும்பி வந்து சோபாவில் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த வீட்டில் அன்று நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“தல்க்காலமல்ல டீச்சரே. ஞான் இவிடெத்தன்னெயா தாமசம்” என்றேன். இப்போதைக்கு இல்லை, நான் இங்கேயேதான் குடியிருக்கிறேன் என்று, கூடத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

டீச்சர், “நல்லது, நல்லது” என்றார். அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். தம்பி தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தான். டீ ஆறிக்கொண்டிருந்தது. வாசலில் இன்னும் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.